பூசாமல் விட்ட ஒரு முழம்

கறுப்புத் தார்ஷீட் கொட்டகை வரிசையில் என்னோடு வளர்ந்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நமக்கெல்லாம் முப்பது ஆகிவிட்டது. நம் வாட்ஸ்அப் குழுவில் இப்போது தடுப்பூசி, சளி, பள்ளிக்கூட வேன் இவற்றைத் தவிர வேறு பேச்சில்லை. குறையாகச் சொல்லவில்லை, அதிகமாகக் கேள்வி கேட்பவளே நான்தான். மகளுக்கு இரண்டு தும்மல் வந்தால் மூன்று பேரிடம் விசாரிப்பேன்.

ஆனால் போன வாரம் எனக்கு வந்த கேள்வியைக் குழுவில் கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வர்ணம் அடிக்க வந்த பெயிண்டர் கேட்டார்.

"தங்கச்சி, இந்தக் கட்டத்தயும் பூசி, பட்டி பாத்துடவா?"

உங்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு முழச் சதுரம் செங்கல் தெரியும். "கொத்தனார் மறந்துட்டாரு" என்று உங்களிடம் பல முறை சொல்லியிருக்கிறேன். அது பொய்.

"நாளைக்குச் சொல்றேண்ணே" என்று பெயிண்டரை அனுப்பிவிட்டுப் பெண்ணாடத்துக்குப் போன் போட்டேன். தங்கையின் பிரசவத்துக்காக அம்மா அங்கே போயிருக்கிறாள்.

"பூசிடட்டுமாம்மா?"

"உன் வூடு, உன் இஷ்டம். என்னிய எதுக்குக் கேக்கற?"

"அப்பா இருந்தா என்னா சொல்லுவாரு?"

"அவரு எப்ப என்னா சொன்னாரு, இப்ப சொல்றதுக்கு?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுனாமி அலை வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அந்த வெயில்காலத்தில் ஷெட்டுக்குள் இருந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். பதினோரு மணிக்குத் தார் இளகி வாசம் வரும். எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் அந்த வாசம்தான். என் தங்கை கைக்குழந்தை, உடம்பெல்லாம் கொப்புளம். அம்மா ஈரத் துணியால் அவளை ஒற்றிக்கொண்டே இருப்பாள். எங்கள் சித்தியை, அதாவது அம்மாவின் தங்கையை, அலை கொண்டுபோயிருந்தது. எங்களோடுதான் இருந்தாள், துணி தைப்பாள். அவளுடைய தையல் மெஷினின் சக்கரம் மட்டும் மணலில் கிடைத்தது. அதை அம்மா ஷெட்டின் மூங்கிலில் மாட்டி வைத்திருந்தாள். காற்றடித்தால் அது மெதுவாகச் சுற்றும்.

கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு வேண்டுமென்றால் கரையில் இருக்கும் மனையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வைகாசிக்குள் கையெழுத்துப் போடாதவர்களுக்கு வீடு கிடையாது. அப்பா போடவில்லை.

"கடல் சத்தம் கேக்காத வூட்ல நான் எப்படித் தூங்கறது?" என்பார்.

"அந்தச் சத்தத்தக் கேட்டுக்கினு என்னால சோறாக்க முடியாது" என்பாள் அம்மா.

இதற்கு மேல் இருவரும் பேசமாட்டார்கள். அந்தக் காலத்தில் என் பயமெல்லாம் ஒன்றுதான். அம்மா எங்களைத் தூக்கிக்கொண்டு சேத்தியாத்தோப்பில் இருக்கும் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விடுவாள், அப்பா தனியாகக் கரையில் இருப்பார். அம்மா ஒரு பையில் துணியை அடுக்கி வைத்திருந்ததை நான் பார்த்திருந்தேன்.

வீடு கட்டிக் கொடுக்க வந்த குழுவில் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். வீட்டுப் படம் வரைகிற அக்கா ஒருத்தி, இஸ்ரேலிலிருந்து வந்தவள். கலவை கலப்பதிலிருந்து எல்லாம் செய்கிற அண்ணன் ஒருவர், லண்டன்காரர். நாம் இஸ்ரேல் அக்கா, லண்டன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மொழிபெயர்க்க என் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, சிதம்பரத்தில் தங்கி எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தவர். அக்கா ஐந்து நிமிஷம் பேசினால் மாமா ஒரு வரி சொல்வார்.

"இம்மாம் நேரம் பேசிச்சே அந்தப் பொண்ணு, அவ்ளோதானாடா?" என்று அம்மா கேட்பாள்.

"முக்கியமானத சொல்லிட்டேன்க்கா. மிச்சம் ஜாஸ்தி."

அக்கா எங்கள் ஷெட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து படத்தை விரித்தாள். வாசல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டாள். அப்பா கடல் பக்கம் என்றார். அம்மா ரோட்டுப் பக்கம் என்றாள். அக்கா பென்சிலைத் தூக்கிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். லண்டன் அண்ணன் ஏதோ சொன்னார். அக்கா வெடுக்கென்று பதில் சொன்னாள். பிறகு அந்த இருவருமே சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"நம்ம வூட்டு வாசலுக்கு இவுங்க எதுக்கு அடிச்சிக்கிறாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அவுங்க வாசலுக்கு அடிச்சிக்கிறாங்கக்கா" என்றார் மாமா. "ரெண்டு பேரும் யூதருங்க. ஒரே சனம். ஆனா ஊரு எதுங்கறதுல ஒத்துவராது."

லண்டன் அண்ணன் தினமும் காலையில் கரைக்கு வந்து நின்று கும்பிடுவார். நாம் ஒளிந்து நின்று பார்ப்போமே. எல்லோரும் சூரியனைப் பார்த்து, கடலைப் பார்த்துக் கும்பிட்டால், இவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பார்.

"மச்சான், கடலுக்கு முதுவக் காட்டிக்கினு அப்படி என்னா கும்புடறாரு அவரு?" என்று அப்பா கேட்டார்.

"மேற்கால ஜெருசலேம் இருக்குது மாமா. அவுங்க கோயிலு இருந்த எடம். அத இடிச்சி ரெண்டாயிரம் வருஷம் ஆவுது. எந்த ஊர்ல இருந்தாலும் அந்தப் பக்கம் பாத்துதான் கும்புடுவாங்க."

"அந்தப் பொண்ணு கும்புடறதே இல்லையே?"

மாமா இதை அக்காவிடமே கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு சொன்ன பதிலை மாமா முழுதாகச் சொன்னது அதிசயம். "இவரு தெனமும் அந்த ஊரப் பாத்துக் கும்புடறாரு, ஆனா அங்க வந்து இருக்க மாட்டாரு. நான் கும்புடறதே இல்ல, அங்கதான் இருக்கேன்."

சித்திரை பிறக்கும் சமயத்தில் ஒருநாள் அவர்களுக்குப் பண்டிகை. ஒரு காலத்தில் அடிமையாக இருந்த தேசத்திலிருந்து அவர்கள் ஜனம் வெளியேறிய நாளாம். புளிக்காத ரொட்டி வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டார்கள்.

"சப்பாத்தி என்னிக்குடா புளிச்சிது?" என்றாள் அம்மா.

ஆனால் அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து பதினெட்டு நிமிஷத்துக்குள் சுட்டு எடுத்துவிட வேண்டும். லண்டன் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அடுப்பருகில் நின்றார். அம்மா வியர்த்து வழிந்து தேய்த்தாள்.

"ரயிலா புடிக்கணும்? தள்ளி நிக்கச் சொல்லுடா அந்தாள!"

மாமா அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு நகர்ந்தார்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் எங்கள் ஷெட்டு வாசலில் பாய் போட்டுச் சாப்பிட்டோம். கசப்பாக ஏதாவது வேண்டும் என்றார்கள், பாகற்காய் வைத்தோம். அண்ணன் ஒரு புத்தகத்திலிருந்து நீளமாகப் படித்தார். கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு வரி சொன்னார்கள். "அடுத்த வருஷம் ஜெருசலேத்துல" என்று மாமா சொன்னார். உலகத்தில் எங்கே இருந்தாலும், எத்தனை தலைமுறையானாலும், அந்தப் பண்டிகையை இப்படித்தான் முடிப்பார்களாம்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டாயிரம் வருஷமாவா சொல்லிக்கினு இருக்காங்க?"

அப்போதுதான் அந்தப் பேச்சு தொடங்கியது. அன்றைக்கு மாமா எதையும் சுருக்கவில்லை. பத்து வயதில் எனக்குப் பாதி புரியவில்லை. பிறகு மாமாவை நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அக்கா சொன்னாள்: சொல்லிக்கொண்டே இருந்தால் போதாது என்று நூறு வருஷத்துக்கு முன்னால் சிலர் எழுந்தார்கள். போகிற இடமெல்லாம் விரட்டுகிறார்கள், நமக்கென்று ஒரு நாடு இல்லாமல் தீராது, சாமி வந்து கூட்டிப்போகும் என்று காத்திருக்காமல் நாமே போய்க் கட்டுவோம் என்றார்கள். அந்த எண்ணத்துக்குப் பெயர்தான் சியோனிசம். அவள் அப்பா போலந்தில் பிறந்தவர். உலக யுத்தத்தில் வீட்டில் எல்லோரையும் கொன்றுவிட்டார்கள். மிஞ்சிய சிறுவனை எந்தத் தேசமும் எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்கு அது அரசியல் இல்ல. எங்க அப்பாவுக்குத் தெறந்த ஒரே கதவு."

அண்ணன் தலையை ஆட்டினார். அவருடைய முன்னோரும் ஓடி வந்தவர்கள்தான். லண்டன் கதவு திறந்தது. "அந்த ஊர நெனைக்காம நான் ஒரு நாளும் சாப்புட்டதில்ல. ஆனா எங்க வூடு லண்டன்ல. யூதனா இருக்கறதுக்கு ஒரு சாமி, ஒரு புஸ்தகம், ஒரு நெனப்பு போதும்னு எங்க அப்பா சொல்லிக் குடுத்தாரு. ஒரு கவுர்மெண்டும் வேணும்னு இப்ப சொல்றாங்க. எனக்காக யாரு கையெழுத்துப் போட்டது?"

"கதவு மூடுற நாள்ல நீ எங்க போவ?" என்று அக்கா கேட்டாள். அண்ணன் பாகற்காயைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அப்பாதான் கேட்டார். "அந்தப் பொண்ணோட அப்பா போனாரே, அந்த எடம் காலியாவா இருந்துச்சி?"

மாமா தயங்கினார். "மாமா, அதெல்லாம் எதுக்கு…"

"கேளு மச்சான்."

அக்கா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அவள் அப்பாவுக்குக் கொடுத்த வீட்டில் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருந்தனவாம். யாரோ தங்கள் பிள்ளைகளின் உயரத்தை அளந்து போட்டவை. பக்கத்தில் அரபியில் எழுதியிருந்தது. நான்கு பிள்ளைகள். அந்த நாடு உருவான சமயத்து யுத்தத்தில் போனவர்கள்; சிலர் ஓடினார்கள், சிலரை ஓட்டினார்கள். திரும்பி வர விடவில்லை. அவள் அப்பா வீடு முழுக்க எத்தனையோ தடவை வர்ணம் அடித்தார், அந்த நிலைக்கு மட்டும் அடிக்கவில்லை. அவளுடைய உயரத்தையும் அங்கே அளக்கவில்லை. வேறு கதவில்தான் அளந்தார்.

"அவுங்க எங்க இப்ப?"

"பக்கத்து நாட்ல முகாம்ல இருக்கலாமாம். அவுங்களும் அடுத்த வருஷம்னுதான் சொல்லிக்கினு இருப்பாங்களாம்."

அம்மா நம் ஷெட்டு வரிசையைப் பார்த்தாள். மூங்கிலில் சித்தியின் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது.

லண்டன் அண்ணன்தான் பேச்சை மாற்றினார். அல்லது மாற்றுவதாக நினைத்தார். தன் வீட்டில் வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் பூசாமல் விட்டிருப்பதாகச் சொன்னார். இடிந்த கோயிலுக்காக அது அவர்கள் வழக்கம். எவ்வளவு நல்ல வீடு கட்டினாலும் முழுதாகக் கட்டிவிட்டோம் என்று நினைக்கக் கூடாது.

"எங்க அப்பா விடல" என்றாள் அக்கா. "ஊருக்குத்தான் வந்துட்டமே, இனிமே எதுக்குன்னாரு. இன்னிக்கு நான் கட்டுனா விடுவேன். யாருக்காக விடுவேன்னுதான் தெரியல."

"பாகமா, முழமா?" என்று அப்பா கேட்டார். கடலில் கயிறு அளப்பது பாகத்தில்தான், இரண்டு கையையும் விரித்து.

"முழம் மாமா."

அப்பா தன் கையை மடக்கி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே மாமா எல்லோரையும் சிதம்பரத்துக்கு அழைத்துப்போனார். அப்பா வரவில்லை. லண்டன் அண்ணன் கோயிலுக்குள் வரமாட்டேன் என்று எங்கள் செருப்புகளுக்குக் காவலாக வெளியே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மாவோடு வந்தாள், அம்மாவின் புடவைதான். திரையை விலக்கினார்கள். உள்ளே தங்க வில்வ இலைகள் தொங்கின. வேறொன்றும் இல்லை.

"எங்க கோயில்லயும் உள்ளறை இப்படித்தான் இருந்துச்சாம். ஒண்ணுமே இல்லாம" என்று அக்கா சொன்னதாக மாமா சொன்னார்.

"ஒண்ணுமில்லாத எடத்தப் பாக்கத்தான் எல்லாரும் இப்படி முட்டிக்கினு வர்றோம்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அழுதாள். அலைக்குப் பிறகு அவள் சத்தமாக அழுதது அன்றைக்குத்தான். அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாமல் மாமா தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. துணிப் பை காலியானதை மட்டும் கவனித்தேன்.

இனி வருவதுதான் என் பங்கு. வீடு பூச்சுக்கு வந்தபோது அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எங்களுக்கு வந்த வீட்டின் வாசல் ரோட்டைப் பார்த்திருந்தது. அதற்கு எதிர்ச் சுவர் கடல் இருக்கும் திசை. அப்பா அந்தச் சுவரில் கையை வைத்து நான்கு பக்கமும் அளந்து, ஆணியால் கோடு கிழித்தார்.

"இத்தப் பூசாத" என்றார் கொத்தனாரிடம்.

"ஏண்ணே, ஜன்னலா?"

"அப்படித்தான் வெச்சிக்கயேன்."

அம்மாவிடம் அவர் சொல்லவில்லை. எதையும் சொல்லமாட்டார். பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் அம்மா வந்தாள். சுவரைப் பார்த்தாள். சேத்தியாத்தோப்பிலிருந்து சொந்தக்காரர்கள் வரப்போகிறார்கள், நுழைந்ததும் கண்ணில் படுவது மொட்டைச் செங்கல். தெருவே கேட்கக் கொத்தனாரைத் திட்டினாள்.

"இனாம் வூடுன்னா பாதி பூசுனா போதுமா? எங்கள என்னான்னு நெனச்ச?"

"உங்க வூட்டுக்காரருதான்…" என்று கொத்தனார் ஆரம்பித்தார்.

"அவரு கடல்ல இருக்காரு. அவரு மேல போடறியா?" என்றவள் என்னிடம் திரும்பினாள். "நீ தெனம் வந்தியே, யாரு சொன்னாங்க இப்படி வுடச் சொல்லி?"

எனக்குத் தெரியும். வாயில் இருந்தது. அப்பா பெயரைச் சொன்னால் மறுபடி சண்டை வரும், மறுபடி பையில் துணி ஏறும் என்று பயந்தேன். "தெரியலம்மா" என்றேன்.

பத்து நிமிஷத்தில் கொத்தனார் பூசிவிட்டார். அப்பா கடலிலிருந்து வந்து ஈரம் காயாத அந்தச் சதுரத்தைப் பார்த்தார். கையை வைத்தார். எடுத்தார். என்னைப் பார்த்தார். குளிக்கப் போய்விட்டார். மறுநாள் பால் பொங்கியபோது எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். அதன் பிறகு இரண்டு மாதம் அந்தச் சுவரின் பக்கம் முதுகைத் திருப்பித்தான் சாப்பிட்டார்.

நான்தான் தாங்காமல் மாமாவிடம் சொன்னேன். மாமா அம்மாவிடம் சொன்னார். மறுநாள் அப்பா கடலுக்குப் போனதும் அம்மா மீன் கத்தியை எடுத்துக்கொண்டு சுவரருகில் உட்கார்ந்தாள். சிமெண்டு இறுகிவிட்டிருந்தது. ஒரு வாரம் சுரண்டினாள். விரலெல்லாம் வெட்டு. சதுரம் நேராக வரவில்லை. ஒரு பக்கம் கோணிவிட்டது. நீங்கள் பார்த்துச் சிரித்த கோணல் அதுதான்.

"கடல் பக்கம்மா அது" என்றேன். கடல் என்ற பேச்சையே விரும்பாதவள் அவள்.

"தெரியும். உங்கப்பாவுக்கு அது கரை. எனக்கு உங்க சித்தி. ஒரு எடத்துல ரெண்டு பேரும் இருந்துட்டுப் போறாங்க" என்றாள்.

முழுதும் சுரண்டி முடித்த அன்று மாலை அப்பா சுவரருகில் வந்து பார்த்தார். "கோணையா இருக்குதே" என்றார். அவ்வளவுதான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் சமயம் இஸ்ரேல் அக்காவிடமிருந்து மாமாவுக்கு ஒரு கடிதம் வந்தது. சொந்தமாக வீடு கட்டியிருந்தாள். ஒரு முழம் விட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். "என் நாடு எனக்கு வேண்டும். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த இடம் காலியாகவா இருந்தது என்று உங்கள் அக்கா வீட்டுக்காரர் கேட்ட கேள்வியைத் தினமும் வாசலில் நுழையும்போது கேட்டுக்கொள்கிறேன்." லண்டன் அண்ணன் இன்னும் தன்னோடு போனில் சண்டை போடுவதாகவும் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை மாமா வீடு மாறியபோது தொலைத்துவிட்டார். நான் சொல்லும் வரிகள் அவர் சொன்னவை. அவர் எவ்வளவு சுருக்கினாரோ.

சியோனிசம் என்ற சொல்லை இப்போது செய்தியில் கேட்கிறேன். சிலர் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், சிலர் வசவாகச் சொல்கிறார்கள். குண்டு விழுந்த வீடுகளைக் காட்டும்போது மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் பார்க்கிறேன். எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பாயும் பாகற்காயும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு கதவு, பூசாத ஒரு சுவர், வர்ணம் அடிக்காத ஒரு நிலை. மூன்றும் அன்று ஒரே பாயில் இருந்தன.

தூக்கம் வராத அந்த ராத்திரி என் கவலை வேறாக இருந்தது. என் மகளுக்குக் கரையும் தெரியாது, சித்தியும் தெரியாது. பார்க்காத ஊரை, பார்க்காத ஆளை அவள் தலையில் நான் ஏற்ற வேண்டுமா? ஏற்றினால் பாரம். பூசிவிட்டால், அன்று வாயைத் திறக்காத அதே தப்பை இன்னொரு முறை செய்தவளாவேன். என் கணவர் நல்லவர். "வர்றவங்க கண்ணு மொதல்ல அங்கதான் போவுது, பூசிடேன்" என்பார். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அவரிடமும் இத்தனை நாள் கொத்தனார் கதையைத்தான் சொல்லியிருந்தேன்.

பெயிண்டர் மறுநாள் காலை பட்டியைக் குழைத்துக்கொண்டு நின்றார். "சொல்லு தங்கச்சி."

"கொத்தனாரு மறக்கலண்ணே" என்றேன். கணவர் காபி டம்ளரோடு திரும்பிப் பார்த்தார். "எங்க அப்பா விடச் சொன்னாரு. எங்கம்மா கத்தியால சுரண்டுனது. அத்த வுட்டுட்டு மிச்சத்த அடிங்க."

"அப்பிடியா!" என்றார் கணவர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஏழு வருஷமாகப் பார்த்த சுவரைப் புதிதாகப் பார்த்தார்.

மகள் ஓடி வந்து செங்கல்மேல் கையை வைத்தாள். "எவ்ளோ பெருசும்மா இது?"

"ஒரு முழம்."

எப்படி அளப்பது என்று காட்டினேன். அவள் முழங்கையைச் சதுரத்தின் கீழ் மூலையில் ஊன்றி விரலை நீட்டினாள். எட்டவில்லை. விரல் நுனி இருந்த இடத்தில் மறுபடி முழங்கையை வைத்து அளந்தாள்.

அவள் கைக்கு அது ஒன்றரை முழத்துக்கும் மேலே இருந்தது.